டீயில் தொடங்கி தட்டு வரை: நாள்பட்ட அழற்சியைச் சாப்பாட்டால் குறைப்பது எப்படி?

முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட்டில் இப்போதெல்லாம் ‘ஹெச்எஸ்-சிஆர்பி’ என்று ஒரு வரி சேர்ந்துவிட்டது. சர்க்கரை தெரியும், கொலஸ்ட்ரால் தெரியும், இது என்ன என்று கேட்டால், “உடம்புல இன்ஃப்ளமேஷன் கொஞ்சம் கூட இருக்கு, சாப்பாட்டைப் பார்த்துக்கோங்க” என்ற பதிலோடு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து யூடியூபைத் திறந்தால் ஒருவர் தினமும் மஞ்சள் பால் குடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் கோதுமையை அடியோடு விடச் சொல்கிறார். மூன்றாமவருக்குத் தக்காளியும் கத்திரிக்காயும்தான் எதிரி.

அப்படிக் குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக ஒரு பொருளை வாங்கிச் சேர்ப்பதால் கிடைக்கும் பலன் கொஞ்சம்தான். ஏற்கெனவே தினம் சாப்பிடுவதில் எதைக் கூட்டுகிறோம், எதைக் குறைக்கிறோம் என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் அதைச் சுற்றியே வரும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறது. கிருமி உள்ளே போகாமல் தடுக்க உடம்பு செய்யும் வேலை அது. நாலு நாளில் அடங்கிவிடும். டாக்டர்கள் இன்ஃப்ளமேஷன் என்று சொல்லும் இந்த அழற்சி இல்லையென்றால் நாம் உயிரோடு இருக்க முடியாது.

நாள்பட்ட அழற்சி வேறு மாதிரி. அழற்சியைத் தூண்டும் அதே ரசாயனங்கள் மிகக் குறைந்த அளவில், வலியோ காய்ச்சலோ காட்டாமல், வருடக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கும். ரத்தக் குழாயின் உள்சுவர், கல்லீரல், கணையம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். இரண்டாம் வகை நீரிழிவு, மாரடைப்பு, கொழுப்புக் கல்லீரல் ஆகியவற்றோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 2017-ல் வெளியான கான்டோஸ் என்ற ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். அழற்சியை மட்டும் குறைக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தபோது, கொலஸ்ட்ரால் குறையாமலேயே மறுபடி மாரடைப்பு வருவது குறைந்தது. அந்த மருந்து விலை அதிகம், தொற்று ஆபத்தும் உண்டு. அதனால் அது நமக்கு வழியாகாது. ஆனால் அழற்சி வெறும் அடையாளம் மட்டுமல்ல, நோயை உண்டாக்குவதில் அதற்கே பங்கு இருக்கிறது என்பது அதில் தெரிந்தது.

சாப்பாடு இதற்குள் வரும் வழிகளில் முதன்மையானது வயிற்றுக் கொழுப்பு. தேவைக்கு மேல் சாப்பிட்டது தொப்பைக்குள், குடலைச் சுற்றிச் சேர்கிறது. அந்தக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவிலேயே உற்பத்தியாகிறது என்று 1993-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொழுப்புத் திசுவை வெறும் சேமிப்பாகப் பார்த்துவந்த காலம் அதோடு முடிந்தது. அடுத்த வழி, சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் திடீரென ஏறும் சர்க்கரையும் கொழுப்பும். இன்னொன்று குடல். நார்ச்சத்து வந்தால் பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துப் பியூட்டிரேட் போன்ற அமிலங்களைத் தருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் உணவு. அழற்சியை அடக்கவும் அது உதவுகிறது. நார்ச்சத்து வராவிட்டால் அந்தச் சுவர் பலவீனமாகிறது.

முதல் படி: அளந்துகொள்ளுங்கள்

ஒரு இன்ச் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு, டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. பேன்ட் சைஸை நம்பாதீர்கள். முக்கால்வாசிப் பேர் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் பெல்ட் போடுகிறோம். ஒல்லியான கை கால், முன்னால் மட்டும் தொப்பை என்ற உடல்வாகு நம் ஊரில் நிறைய. எடை மெஷின் இவர்களுக்கு ‘நார்மல்’ என்று சொல்லிவிடும், இடுப்பளவு விடாது.

சிஆர்பி பரிசோதனை எல்லோருக்கும் அவசியம் இல்லை. ஏற்கெனவே எடுத்திருந்தால் எப்படிப் படிப்பது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சிஆர்பி என்பது அழற்சி இருக்கும்போது ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். அதைக் கல்லீரல் சுரக்கிறது. 1930-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் முதலில் கண்டுபிடித்தார்கள். மிகக் குறைந்த அளவையும் காட்டும் ஹெச்எஸ் வகைப் பரிசோதனையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதய ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் சளி, காய்ச்சல், பல்லில் சீழ் என்று வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்து, இரண்டு வாரமாவது கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். ஜலதோஷத்தோடு போய்ப் பரிசோதனை கொடுத்துவிட்டு, வந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நிறைய.

இரண்டாம் படி: மூன்று நாள் எழுதுங்கள்

கலோரிக் கணக்கு வேண்டாம். இரண்டு வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாயில் போட்டதை எல்லாம் போன் நோட்டில் குறியுங்கள். டீ எத்தனை, அதில் சர்க்கரை எத்தனை ஸ்பூன், எண்ணெயில் பொரித்தது எத்தனை முறை, பாக்கெட் பிரித்தது எத்தனை முறை, காய் எத்தனை கரண்டி. சீரியல் பார்த்துக்கொண்டே கொறித்த முறுக்கு, பிள்ளை மிச்சம் வைத்த நூடுல்ஸ், ஆபீஸில் யாரோ பிறந்தநாளுக்கு வெட்டிய கேக் எல்லாம் இதில் வர வேண்டும். ஞாயிறு ஏன் முக்கியம் என்று எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: டீயில் கை வையுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் கிளம்பினால் பத்து நாளில் கைவிட்டுவிடுவோம். முதலில் இதை மட்டும் செய்யுங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஏறக்குறைய 4 முதல் 5 கிராம். டீக்கடையில் ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால், நாளுக்கு நாலு டீயில் 35, 40 கிராம் ஆகிவிடுகிறது. தனியாகச் சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது பிஸ்கட், ஜாம், கோலா எதையும் தொடாமலேயே டீயிலேயே எல்லையைத் தாண்டிவிட்டோம். குளிர்பானம் இன்னும் மோசம். பெரும்பாலான கோலாக்களில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை, 250 மில்லி பாட்டில் ஒன்றிலேயே கணக்கு முடிந்துவிடும். திரவமாகப் போவதால் வயிறு நிறைந்த உணர்வும் வராது.

வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். கடையில் “சர்க்கரை கம்மியா” என்றால் ஒவ்வொருவரும் ஒரு அளவில் போடுவார்கள். “சர்க்கரை இல்லாம குடுங்க, தனியா ஒரு ஸ்பூன் வைங்க” என்று கேட்டு வாங்குவது பாதுகாப்பு. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ருசி வேறு, கொஞ்சம் தாதுச்சத்து கூடுதல், அவ்வளவுதான். கல்லீரலுக்குப் போய்ச் சேர்வது சர்க்கரைதான்.

நாலாம் படி: தட்டின் கணக்கை மாற்றுங்கள்

நம் சாப்பாட்டில் பெரிய சிக்கல் இங்கேதான் என்பது என் எண்ணம். மதியத் தட்டை ஒரு தடவை மேலிருந்து பாருங்கள். நடுவில் சோறு மலை. அதன்மேல் சாம்பார். ஓரத்தில் இரண்டு ஸ்பூன் பீன்ஸ் பொரியல், அதில் பாதி தேங்காய்த் துருவல். அப்புறம் ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு, மோருக்கு இன்னொன்று. ஒரு அப்பளம். பார்க்க ஆறேழு வகை சாப்பிட்டது போலிருக்கும். எடை போட்டால் முக்கால்வாசி வெள்ளைச் சோறு.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி வகை 85 கிராம், கொட்டைகளும் விதைகளும் 35 கிராம் என்று சொல்கிறார்கள். எல்லாம் சமைக்காத எடை. இதை வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் உறைக்கும். நாலு பேர் வீட்டில் கால் கிலோ பீன்ஸ் வாங்கிப் பொரியல் செய்தால் ஆளுக்கு அறுபது கிராம் சொச்சம். ஒரு டம்ளர் துவரம் பருப்பில் நாலு பேருக்கும் சாம்பார் என்றால் அதிலும் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும்.

ஆகவே மாற்ற வேண்டியது இப்படி. வாங்கும் காய் இரட்டிப்பாக வேண்டும். ஒரு பொரியல் மட்டும் என்பதை ஒரு பொரியல், ஒரு கூட்டு என்று ஆக்குங்கள். சுரைக்காய், பூசணி, சௌசௌ, புடலை, முட்டைக்கோஸ் ஆகியவை பொதுவாக விலை குறைந்தவை, பாசிப்பருப்போடு கூட்டாக நன்றாக வரும். வாரத்தில் மூன்று நாளாவது கீரை: அரைக்கீரை, முருங்கை, மணத்தக்காளி, எது கிடைத்தாலும். தட்டில் முதலில் காயும் கூட்டும் வையுங்கள், பாதித் தட்டு நிரம்பட்டும். மீதியில் பாதி சோறு, பாதி பருப்பு, முட்டை, மீன் வகை. காயையும் பருப்பையும் முதலில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் குறையும்.

காலையும் இரவும் இட்லி, தோசை என்றால் மூன்று வேளையும் அரிசிதான். தோசையை விடச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதை அடை, பாசிப்பயறு தோசை என்று மாற்றினால் போதும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியோடு நிறுத்தாமல், காய் போட்ட சாம்பாரைக் கிண்ணம் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் சுண்டல். கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ முந்தின இரவு ஊறப்போட மறப்பதுதான் ஒரே தடை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஊறவைத்து, வேகவைத்து, பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால் தாளிப்பது ஐந்து நிமிட வேலை.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. வரகு, சாமை, குதிரைவாலி, கம்பு எல்லாம் தீட்டாமல் முழுசாக இருந்தால் நல்லது, நார்ச்சத்து அதிகம். ஆனால் கேழ்வரகை நைசாக அரைத்துக் கூழாக்கிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறலாம். ‘மில்லெட் குக்கீஸ்’ என்று விற்பதில் முக்கியமான சரக்கு பெரும்பாலும் மைதா, சர்க்கரை, பாமாயில்தான். சோற்றுக்குப் பதில் அதே அளவு சாமைச் சோறு மலையாக வைத்தால் பெரிய மாற்றம் ஒன்றும் வராது. எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு என்பதைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: எண்ணெய்ச் சட்டி

மாலை நாலரை மணிக்கு எந்த பஜ்ஜிக் கடை முன்னாலும் நின்று சட்டியைப் பாருங்கள். எண்ணெய் கறுத்திருக்கும், ஓரத்தில் நுரை நிற்கும், சட்டென்று புகையும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்புகளும் மற்ற சிதைவுப் பொருள்களும் சேர்கின்றன. இவற்றில் ஒரு வகையை அளந்து, அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. கடைக்காரர் கையில் அதை அளக்கும் மீட்டர் இருக்குமா என்பது வேறு விஷயம். வீட்டிலும் இதே தவறு நடக்கிறது. தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயை ஊற்றிவைத்து ஒரு மாதம் தாளிக்கிறோம். பொரித்த எண்ணெயை வடிகட்டி, இரண்டு நாளுக்குள் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள், மறுபடி பொரிக்க வேண்டாம்.

டிரான்ஸ் கொழுப்பு அழற்சியைத் தெளிவாகக் கூட்டும் ஒன்று. வனஸ்பதியில் அதிகம் இருந்தது. எண்ணெய், கொழுப்புகளில் இது 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2021-லும், 2 சதவீதத்துக்குள் என்று 2022 ஜனவரி முதலும் நம் நாட்டில் வரம்பு வந்துவிட்டது. நிலைமை முன்னைவிடப் பரவாயில்லை. ஆனாலும் பஃப்ஸ், கிரீம் பன் ஆகியவற்றை மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

சமைக்கும் விதமும் கணக்கில் வருகிறது. அதிகச் சூட்டில் வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் புரதமும் கொழுப்பும் சர்க்கரையோடு வினைபுரிந்து ‘ஏஜிஇ’ எனப்படும் பொருள்கள் உருவாகின்றன. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை 2024-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. எடை கூடிய 38 பேர், 12 வாரம். வேகவைத்தது, ஆவியில் அவித்தது என்று சாப்பிட்ட காலத்தில், பொரித்தது வறுத்தது சாப்பிட்ட காலத்தைவிட அவர்கள் உடம்பில் இன்சுலின் மேலாக வேலை செய்தது. 38 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. ஆனால் இட்லி, இடியாப்பம், புட்டு, கூட்டு, குழம்பு என்று நம் சமையலில் பாதி ஏற்கெனவே அவிப்பதும் வேகவைப்பதும்தான். அந்தப் பாதிக்கு அதிக நாள் கொடுக்கலாம்.

எந்த எண்ணெய்? இதில் நடக்கும் சண்டையைப் பார்த்து மிரள வேண்டாம். சூரியகாந்தி போன்ற விதை எண்ணெய்களில் உள்ள ஒமேகா-6 அழற்சியை உண்டாக்கும் என்று அடித்துச் சொல்கிறார்கள். மனிதர்களிடம் செய்த சோதனைகளில், இந்த எண்ணெய்களில் உள்ள முக்கிய ஒமேகா-6 கொழுப்பான லினோலிக் அமிலத்தைக் கூட்டியபோது அழற்சிக் குறியீடுகள் உயரவில்லை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் உள்ளவை, அளவாக இருக்கட்டும். செக்கு எண்ணெய் வாசனையாக இருக்கும். அதற்காக இரண்டு மடங்கு ஊற்றினால் கலோரியும் இரண்டு மடங்குதான். மேலே சொன்ன வழிகாட்டுதலில் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளுக்கு 27 கிராம். நாலு பேர் வீட்டில் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர் வரும். ஹோட்டல் சாப்பாடும் இதில் அடக்கம் என்பதால், வீட்டு வாங்கல் மூன்று லிட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: மத்தி மீன்

மீன் கடையில் பெரிய மீனுக்குத்தான் மரியாதை. வஞ்சிரத்தின் விலையில் பல மடங்கு மத்தி வாங்கலாம். ஆனால் இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் தாராளமாக இருப்பது தென் மாவட்டங்களில் சாளை என்று சொல்லும் இந்த மத்தியிலும், கானாங்கெளுத்தியிலும்தான். அழற்சி தன் வேலையை முடித்து அடங்குவதற்கு உடம்பு ரிசால்வின் என்ற பொருள்களைத் தயாரிக்கிறது. அதற்கு இந்தக் கொழுப்புகள்தான் மூலப்பொருள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அமுக்கினால் குழி விழாமல் இருக்க வேண்டும். வயிறு வெடித்த மத்தியை வாங்காதீர்கள். வாரம் இரண்டு முறை, புளி ஊற்றிக் குழம்பாகவோ தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டோ செய்யுங்கள். ஆழப் பொரித்தால் நல்ல கொழுப்பு எண்ணெயில் இறங்கி, சட்டி எண்ணெய் மீனில் ஏறிவிடும்.

சைவம் என்றால் ஆளி விதை. வெறும் சட்டியில் லேசாக வறுத்து, இட்லிப் பொடியோடு சேர்த்துக் கரகரப்பாக அரைத்துவிடுங்கள். முழுசாக விழுங்கினால் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும். இதிலும் வால்நட்டிலும் இருப்பது வேறு வகை ஒமேகா-3. உடம்பு அதில் மிகச் சிறு பங்கைத்தான் மீனில் உள்ள வகையாக மாற்றிக்கொள்ளும். ஆனாலும் நார்ச்சத்துக்காகவே ஆளி விதை சாப்பிடத் தகுந்தது.

ஏழாம் படி: பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் விவரம். சேர்பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். ‘மல்டிகிரெய்ன்’ என்று முன்னால் பெரிதாகப் போட்ட பிஸ்கட்டில் பின்னால் முதல் பெயர் சுத்திகரித்த கோதுமை மாவு, அதாவது மைதா, அடுத்து சர்க்கரை, பாமாயில் என்று இருந்தால், ஓட்ஸும் ராகியும் பெயருக்குத்தான். சர்க்கரை பல பெயர்களில் வரும்: இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின். எமல்சிஃபையர், நிறமூட்டி, சுவையூட்டி என்று வீட்டுச் சமையலறையில் இல்லாத பெயர்கள் நீண்டுகொண்டே போனால் அது அதீதமாகப் பதப்படுத்திய உணவு.

இதில் என்ன கெடுதல்? 2019-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் இந்த வகை உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார்கள். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஒரே அளவில் வைக்கப்பட்டன. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பாக்கெட் வகை கொடுத்த நாட்களில் அவர்களையும் அறியாமல் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது, எடையும் ஏறியது. அது போய்ச் சேரும் இடம்தான் முதல் படியில் டேப் வைத்து அளந்த இடம். வீட்டில் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டு அதில் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் போட்டுவையுங்கள். கை பழக்கத்தில் அந்த டப்பாவுக்குத்தான் போகும்.

எட்டாம் படி: மோரும் பழைய சோறும்

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில் 36 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பத்து வாரம் தயிர், கிம்ச்சி (கொரியர்களின் புளித்த காய்கறி) போன்ற புளித்த உணவுகளை அதிகம் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன, குடல் பாக்டீரியாக்களின் வகை கூடியது. இன்னொரு அணிக்கு நார்ச்சத்தை மட்டும் கூட்டினார்கள். அந்தக் குறுகிய காலத்தில் அவர்களிடம் அவ்வளவு மாற்றம் இல்லை.

நமக்கு இதில் புதிதாக வாங்க ஒன்றும் இல்லை. வீட்டில் உறை ஊற்றிய தயிர், மதியம் ஒரு டம்ளர் நீர் மோர். இட்லி மாவும் புளித்ததுதான், ஆனால் ஆவியில் வெந்ததும் பாக்டீரியா இறந்துவிடும். தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோற்றில் உயிருள்ள பாக்டீரியா கிடைக்கும். சின்ன வெங்காயத்தோடு ருசியும் கிடைக்கும். ஆனால் சோறு சோறுதான். சர்க்கரை நோயாளி அளவு பார்க்க வேண்டும், கோடையில் ரொம்ப நேரம் வெளியில் வைக்கவும் கூடாது. ஊறுகாயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் உப்பும் எண்ணெயும்தான் அதிகம்.

மஞ்சள், கத்திரிக்காய், பால்: எது நிஜம்?

மஞ்சளில் உள்ள குர்குமினுக்கு அழற்சியைக் குறைக்கும் தன்மை உண்டு. சிக்கல் அளவில் இருக்கிறது. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு தேக்கரண்டித் தூளை ஒருவரே முழுசாக விழுங்கினாலும் 100 மில்லிகிராம் வருவது கஷ்டம். சோதனைகளில் பொதுவாகக் கொடுப்பது 500 மில்லிகிராமுக்கு மேல். குடலில் அது சரியாக உறிஞ்சப்படுவதும் இல்லை. மிளகில் உள்ள பைப்பரின் சேர்ந்தால் 20 மடங்கு வரை உறிஞ்சப்படுகிறது என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். எனவே ரசத்தில் மஞ்சளும் மிளகும் சேர்ந்திருப்பது நல்லதே, தாராளமாகக் குடியுங்கள். அதை மருந்தாக மட்டும் நினைக்க வேண்டாம். குர்குமின் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. மஞ்சள் பாலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிப்பவர்கள் மூன்றாம் படிக்குத் திரும்பவும்.

தக்காளியும் கத்திரிக்காயும் எல்லோருக்கும் அழற்சி தரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. உங்களுக்குச் சாப்பிட்டால் அரிப்போ மூட்டு வலியோ கூடுகிறது என்றால், மூன்று வாரம் நிறுத்தி, பிறகு திரும்பச் சேர்த்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள். பாலும் தயிரும் பெரும்பாலோருக்கு அழற்சியைக் கூட்டுவதில்லை. கோதுமை, அதில் உள்ள குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கும் அதைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும்தான் பிரச்சினை. பரோட்டா வேறு கதை: மைதாவும் எண்ணெயும் சால்னாவும் இரவு பத்து மணிக்கு.

எப்போது தெரியும், யார் கவனமாக இருக்க வேண்டும்

ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விட்டு இடுப்பளவைப் பாருங்கள். சிஆர்பி எடுத்திருந்தால் அதே லேபில் திரும்ப எடுங்கள். எடை குறையக் குறைய அந்த எண்ணும் பெரும்பாலும் இறங்கும். இறங்கவில்லை என்றால் புகை, தூக்கம், ஈறு மூன்றையும் யோசியுங்கள். பல் தேய்க்கும்போது ரத்தம் வருவதை வருடக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விடுபவர்கள் அதிகம். ஈறு நோயும் சிஆர்பியை ஏற்றும்.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் மடக்க முடியாமல் விறைப்பாக இருந்தால், அது சாப்பாட்டால் சரிசெய்யும் விஷயம் இல்லை. முடக்குவாதமா என்று மூட்டுவாத மருத்துவரிடம் சீக்கிரம் காட்ட வேண்டும். முடக்குவாதத்துக்கு மீத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து ஏற்கெனவே எடுப்பவர்கள், “டயட்ல இருக்கேன்” என்று அதை நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும்போது தாழ்நிலைச் சர்க்கரை வரலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பாதித்தவர்களுக்குக் கீரை, பயறு, பழத்தில் உள்ள பொட்டாசியம் ஆகாமல் போகலாம், அவர்களுக்கு நாலாம் படியே வேறு மாதிரி இருக்கும். இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரைகளின் வேலையைக் கீரையில் உள்ள வைட்டமின் கே மாற்றிவிடும். கீரையை விட வேண்டியதில்லை. வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு என்று முடிவு செய்து, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனையின்போது மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அதே அளவில் தொடருங்கள்.